ஆறெழுத்து வார்த்தை... நானூறு வருஷ வலி!

ப்ளேஸ்மென்ட் சீஸன் நெருங்கினாலே இன்ஜினீயரிங் காலேஜ் ஹாஸ்டல்களில் ஒரு வியாதி பரவும். அதுக்குப் பேரு 'வேர்டு லிஸ்ட்'! சீனியர் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட பி.டி.எஃப்., அதை ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணின புக்கு, பாத்ரூம் கதவில் ஒட்டின 'இன்றைய பத்து வார்த்தைகள்'னு திரும்பின பக்கமெல்லாம் இங்கிலீஷ் மயம். மெஸ் சாம்பாரைப் பார்த்து 'டைல்யூட்டட்', வார்டனைப் பார்த்து 'இராஸிபிள்'னு சொல்லிச் சொல்லியே மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தோம்.

அப்படி ஜாலியா போய்ட்டிருந்த லிஸ்ட்டில், ஒரே ஒரு வார்த்தை எங்க ரூமையே ரெண்டு நாள் பேச விடாமல் பண்ணிடுச்சு. அந்தக் கதைதான் இது.

நானும் சிரிச்சேன்!

மூணாவது வருஷம். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி. உள்ளே போன தயிர் சாதம் கண்ணைச் சொருக வைக்கிற நேரம். வெர்பல் கிளாஸ் எடுக்க வெளியிலிருந்து வந்திருந்த ட்ரெய்னர், ஆளுக்கொரு வார்த்தையை வாசிக்கச் சொன்னார். என் முறைக்கு வந்தது... பி-ஏ-ஆர்-ஐ-ஏ-எச்.

"பாரியா!" என்றேன், ஏதோ வள்ளல் பாரிக்கு நான் சொந்தக்காரன் மாதிரி.

"பாரியா இல்லப்பா. நடுவுல அழுத்தணும். ப-ரை-யா. ஈஸியா ஞாபகம் வச்சுக்கலாம்... நம்ம ஊர் வார்த்தைதான்! ஊருக்குள்ள சேர்க்காத ஆளு, எல்லாரும் ஒதுக்கி வைக்கிற ஆளு. இனிமே மறப்பீங்களா?" என்று கண்ணடித்தார்.

பின் பெஞ்சில் 'கொல்'லென்று சிரிப்பு. நடு பெஞ்சுக்கும் தொத்திக்கிச்சு. உண்மையை எழுதணும்ல... நானும் சிரிச்சேன்.

பக்கத்தில் இருந்த என் ரூம்மேட் சிரிக்கலை. அர்த்தத்தை நோட்டில் எழுதினான். பேனாவை மூடினான். "சார், தலைவலி"ன்னு சொல்லிட்டு பையைத் தூக்கிக்கிட்டு வெளியே போய்ட்டான். அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுக்கும் வரலை.

'என் பேரு வேணாம்... எழுது!'

மறுநாள் ஞாயித்துக்கிழமை ராத்திரி மொட்டை மாடியில்தான் வாயைத் திறந்தான்.

"டேய், அந்த லிஸ்ட்ல உங்க தாத்தா பேரைப் போட்டு, பக்கத்துல 'யாரும் சேர்க்காதவன்'னு அர்த்தம் எழுதியிருந்தா, நீ சிரிச்சிருப்பியா?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை.

"எங்க தாத்தா பறை அடிச்சவரு. ஊர்ல யார் செத்தாலும் அவர்தான் போகணும். மழையோ வெயிலோ ராத்திரியோ... போயே ஆகணும். கூலியைக் கையில குடுக்க மாட்டாங்க, தரையில வைப்பாங்க. எங்கப்பா அந்தக் குச்சியைத் தொடக்கூடாதுன்னு சொல்லியே தாத்தா அவரைப் படிக்க வச்சாரு. நான் இங்க வந்து மூணு வருஷமா யாருகிட்டயும் என்ன ஆளுன்னு சொல்லலை. யாரும் கேட்காம தப்பிச்சோம்டான்னு நினைச்சேன். நேத்து இங்கிலீஷ் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுது!"

கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான். "நீதான் பத்திரிகைக்கு எழுதுறியே... இதை எழுது. என் பேரு மட்டும் வேணாம்."

ஸாரி கேட்டேன். "அது கிடக்கட்டும். முதல்ல அந்த வார்த்தை என்னன்னு ஒழுங்கா படிச்சுட்டு வா"ன்னான். படிச்சேன் பாஸ். ஒரு செமஸ்டர் பாடம் தேறும்!

மொத செமஸ்டரில் மரபு... ஆறாவது செமஸ்டரில் வசவு!

முதலில் போனது எங்க காலேஜ் தமிழ் மேடத்திடம். 2022-லிருந்து அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 'தமிழர் மரபு' என்று ஒரு பேப்பர் இருக்கு. மொத செமஸ்டரிலேயே எழுதித் தள்ளிட்டு மறந்த பேப்பர். மேடம் சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க.

"இசைக் கருவிகள் உருவாக்கம்னு ஒரு தலைப்பு படிச்சியே தம்பி, ஞாபகம் இருக்கா? மிருதங்கம், பறை, வீணை, யாழ், நாதஸ்வரம்... அப்ப அது மரபு. இப்ப அதே பறையில இருந்து வந்த வார்த்தை உனக்கு வசவா வந்து நிக்குது."

மேடம் சொல்லச் சொல்ல நோட்ஸ் எடுத்தேன். 'பறைதல்' என்றால் சொல்லுதல், அறிவித்தல். மலையாளத்தில் இன்னிக்கும் 'பறயுக'ன்னா சொல்றதுதான். யாழ்ப்பாணத் தமிழிலும் பறையுறதுன்னா பேசுறது. தொல்காப்பியத்தில் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரம் வரிசையில் பறையும் உண்டு. திருப்பாவையில் ஆண்டாள் கேட்கிறதும் பறைதான். புறநானூற்றின் 335-வது பாடல், இவர்களைத் தவிர வேறு குடி இல்லை என்று நாலு குடிகளைப் பெருமையாகச் சொல்லும். அந்த நாலில் பறை முழக்குகிற குடியும் ஒன்று.

"அப்புறம் எப்படி மேடம் இப்படி ஆச்சு?"

"சேதி சொல்றவங்களைக் கடைசியில எந்தச் சேதியைச் சொல்ல வச்சாங்கன்னு பாரு... சாவுச் சேதி! அதைச் செய்ய வச்சுட்டு, அதைச் செய்றதாலயே தீட்டுன்னு சொன்னாங்க. சேரியைத் தனியா வச்சாங்க. பேரு கெட்டதா இல்ல தம்பி. பேரைக் கெடுத்தாங்க."

கப்பல் ஏறின கதை

தமிழிலிருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகள்னு நாம பெருமையா ஒரு பட்டியல் சொல்வோம். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆச்சு. மிளகுத்தண்ணி 'முல்லிகட்டானி' ஆச்சு. சுருட்டு 'ஷெரூட்' ஆச்சு. அதே கடலில், அதே காலனி ஆட்களோடு போன இன்னொரு வார்த்தையை மட்டும் அந்தப் பட்டியலில் யாரும் சத்தமா சொல்றதில்லை.

இங்கிலீஷில் இந்த வார்த்தை முதன்முதலாகப் பதிவானது 1613-ல் என்கிறது மெரியம்-வெப்ஸ்டர் அகராதி. அப்போ அது ஒரு சமூகத்தின் பெயர், அவ்வளவுதான். 'எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுவான அர்த்தம் ஏறினது, கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழிச்சு, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

ஐரோப்பாவில் இந்த வார்த்தைக்கு அப்ப செம கிராக்கி! 1821-ல் பாரிஸ் மேடையில் காசிமீர் டெலவின் எழுதிய நாடகத்துக்கு இதுதான் தலைப்பு. அதை வைத்து 1829-ல் நேப்பிள்ஸில் டோனிசெட்டி ஓர் ஓபராவே போட்டார். இந்தப் பக்கம், இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் தெருநாய்க்கு இந்தச் சமூகத்தின் பேரை வச்சாங்க. ஊர்ப் பருந்துக்கும் இதே பேரை வச்சாங்க. மனுஷங்களோட பேரை எடுத்து நாய்க்கும் பருந்துக்கும் மாட்டின கொடுமை, அகராதியிலேயே தனிப் பதிவா இருக்கு.

இதில் ஒரு ட்விஸ்ட். 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த ஏ.சி.பர்னெலும். இந்தச் சொல்லின் சரியான பொருள் பறை அடிப்பவர் என்பதுதான், 'சாதியிலிருந்து தள்ளப்பட்டவர்' என்று இதைப் பயன்படுத்துவது தப்பு என்று அவங்க அப்பவே குறிச்சு வச்சிருக்காங்க. ஸோ... தப்புன்னு தெரிஞ்சும் ஒன்றரை நூற்றாண்டா நம்ம கை வரைக்கும் வந்திருக்கு!

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு கேள்வி

இன்னிக்கு இங்கிலீஷ் பேப்பரில் இந்த வார்த்தை அதிகமா வர்றது நாடுகளைப் பத்தி. ஏதோ ஒரு அரசு அநியாயம் பண்ணுது, மத்த நாடுகள் அதோட சகவாசத்தை விடுது... உடனே 'பரையா ஸ்டேட்'னு தலைப்பு வரும். 2018-ல் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டதை முன்வைத்து, 2019 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் விவாத மேடையில் ஜோ பைடன் சவூதி அரேபியாவைப் பத்திப் பேசியபோது போட்டது இந்த வார்த்தையைத்தான்.

இந்தப் பட்டம் ரொம்ப நாள் ஒட்டியிருந்த நாடு எது தெரியுமா? நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா! தோலின் நிறத்தைப் பார்த்து ஜனங்களைத் தனித்தனியா வாழ வச்ச அரசு. 1964-லிருந்து ஒலிம்பிக்ஸில் சேர்க்கலை. 1970-க்கு அப்புறம் சர்வதேச கிரிக்கெட்டிலும் இல்லை. 1991 நவம்பரில் நம்ம கொல்கத்தா ஈடன் கார்டன்ஸுக்கு வந்துதான் மறுபடி ஆடினாங்க.

ஒதுக்கினது நியாயம்தான். ஆனா அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசிங்க மக்களே... பிறப்பைப் பார்த்து மனுஷனை ஒதுக்கின அரசைத் திட்டணும். அதுக்கு எடுத்த வார்த்தை, பிறப்பைப் பார்த்து ஒதுக்கப்பட்ட மனுஷங்களோட பேரு! அடிச்சவனுக்கு அடிபட்டவன் பேரையே பட்டமா கொடுத்த மாதிரி இருக்கு.

இதை ரூம்மேட்டிடம் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தான். "அதுதாண்டா எனக்கும் உறுத்துச்சு. அந்த அரசு தப்பு பண்ணுச்சு, ஒதுக்கினாங்க. எங்க தாத்தா என்ன பண்ணாரு?"

அகராதி காட்டாத வித்தியாசம் இதுதான். இங்கிலீஷில் இன்னிக்கு இந்தப் பட்டம் வாங்குறவங்க பெரும்பாலும் ஏதாவது பண்ணிட்டு வாங்குறாங்க. அசல் சொந்தக்காரங்க எதுவுமே பண்ணாம வாங்கினாங்க.

ரெண்டு தலைவர்கள்... ரெண்டு வழி

இந்த வார்த்தையை என்ன பண்றதுன்னு இன்னிக்குத்தான் நாம யோசிக்கிறோமான்னா, இல்லை. நமக்கு முன்னாடியே பெரியவங்க யோசிச்சுட்டாங்க.

செங்கல்பட்டுப் பக்கம் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பேர் என்ன தெரியுமா? 'பறையன்'! எந்தப் பேரைச் சொல்லி இழிவு பண்றீங்களோ, அதையே தலைப்பில் போடுறேன் பார் என்கிற தில். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர் இவர்.

எம்.சி.ராஜா வழி வேற. இந்தப் பேர் அரசாங்கத் தாளிலேயே இருக்கக்கூடாது என்றார். 1922-ல் சென்னை மாகாண சட்டசபையில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால், அரசு ஆவணங்களில் அந்தச் சொல்லுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது.

ஒருத்தர் பேரைத் தலை நிமிர்ந்து சுமந்தார். இன்னொருத்தர் தூக்கிப் போட்டார். ரெண்டு பேரும் கேட்டது ஒண்ணேதான்... மரியாதை! சென்னை மாகாண அரசுத் தாளிலிருந்து நூறு வருஷம் முன்னாடியே வெளியே போன வார்த்தை, வேர்டு லிஸ்ட் வழியா மறுபடி நம்ம கிளாஸுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு.

இதுக்கு நடுவில் பறை சும்மா இருக்குமா? இப்ப காலேஜ் கல்ச்சுரல்ஸில் பறை அடி இல்லாத மேடையைக் காட்டுங்க பார்ப்போம். பொண்ணுங்க சலங்கை கட்டி, தீயில் காய்ச்சின பறையைத் தோளில் மாட்டி அடிக்கிறாங்க. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது கிடைச்சது. கருவிக்கு மரியாதை வந்தாச்சு. வார்த்தை மட்டும் இன்னும் பழைய சட்டையிலேயே நிக்குது.

டெஸ்ட்டுக்குப் போறவங்க நோட் பண்ணிக்கங்க!

கதை சரி, மார்க் முக்கியமாச்சேன்னு கேட்கிறவங்களுக்கு:

உச்சரிப்பு: ப-ரை-யா. அழுத்தம் நடுவில். என்னை மாதிரி 'பாரியா'ன்னு சொல்லி மாட்டிக்காதீங்க.

வகை: பெயர்ச்சொல். 'சோஷியல் பரையா', 'ட்ரீட்டட் லைக் எ பரையா', 'பரையா ஸ்டேட்' என்று பொதுவா வரும். ஸ்பெல்லிங் பார்த்து 'பேரிஷ்' என்ற வார்த்தையோடு குழப்பிக்காதீங்க. அது சர்ச் பங்கு.

டெஸ்ட்டில் கேட்டால்: பக்கத்துப் பொருள் 'அவுட்காஸ்ட்'. இதில் கடைசியில் 'ஈ' சேர்த்து எழுதினால் சாதி என்ற சொல் உள்ளே வந்துடும். 'ஈ' இல்லாமல் எழுதினால், வெளியே தள்ளப்பட்டவர், அவ்வளவுதான். சின்ன எழுத்து, பெரிய வித்தியாசம்.

நீங்களா எழுதும்போது: 'அவுட்காஸ்ட்', 'ஷன்ட்', 'எக்ஸ்க்ளூடட்' எல்லாம் இருக்கே... அதில் ஒண்ணைப் போடுங்க. 'ஆஸ்ட்ரஸைஸ்'னு ஒரு வார்த்தையும் இருக்கு. பழைய ஏதென்ஸில் பானை ஓட்டில் பேர் எழுதி ஓட்டுப் போட்டு, ஒருத்தரைப் பத்து வருஷம் ஊரைவிட்டு அனுப்புவாங்க. சொத்து அவர் பேரிலேயே இருக்கும், பத்து வருஷம் கழிச்சு திரும்பியும் வரலாம். நம்ம ஊர் ஒதுக்கலில் அந்த வசதிகூட இல்லை!

இன்னொரு விஷயம்: இதே வரிசையில் 'லெப்பர்'னு ஒரு வார்த்தையும் தருவாங்க. அது தொழுநோயாளிகளைக் குறிக்கிற சொல். மருந்து கொடுத்தால் குணமாகிற நோய் அது. ஒருத்தரோட நோயையும் திட்டாக்காதீங்க.

ஆப்ஷனில் இல்லாத பதில்

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாடி, நானும் இன்னும் ரெண்டு பேரும் ட்ரெய்னரைத் தேடிப் போனோம். கொஞ்சம் உதறல்தான். கத்துவாரோன்னு நினைச்சோம். முழுசா கேட்டவர், கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

"எனக்கும் இப்படி ஞாபகம் வச்சுக்கச் சொல்லித்தாம்பா சொல்லிக் கொடுத்தாங்க. அதையே பல பேட்ச்சுக்குச் சொல்லிட்டேன். எத்தனை பசங்க உள்ள உட்கார்ந்திருந்தாங்களோ..." என்றார். அதுக்கு மேல பேசலை.

அந்த வார கிளாஸில் போர்டில் முதலில் தமிழில் 'பறை'ன்னு எழுதினார். அப்புறம்தான் அந்த ஆறெழுத்து. இருபது நிமிஷம் பேசினார். பின் பெஞ்ச் சிரிக்கலை. கிளாஸ் முடிஞ்சதும், அன்னிக்குச் சிரிச்ச ரெண்டு பேர் என் ரூம்மேட்டிடம் வந்து எதுவும் சொல்லத் தெரியாம, "மச்சி, டீ சாப்பிடப் போலாமா?"ன்னு கேட்டாங்க. போனான். எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுத எனக்கு ஆசைதான். ஆனா அந்த லிஸ்ட்டை அவன் இன்னும் அலமாரியில் கவுத்துத்தான் வச்சிருக்கான்.

போன மாசம் மாக் டெஸ்ட். கேள்வி நம்பர் 14-ல் அதே வார்த்தை. பொருள் தரும் சொல்லைத் தேர்ந்தெடு, நாலு ஆப்ஷன். வெளியே வந்ததும் தயங்கித் தயங்கி அவனிடம் கேட்டேன். "அதை விட்டுட்டியா?"

"விடுவேனா? ஒரு மார்க்குடா! எங்க தாத்தாவை வச்சு அவனுங்க வார்த்தை பண்ணியிருக்கானுங்க. அதுக்கு மார்க்கு எனக்குத்தான் வரணும்" என்று சிரித்தான். அப்புறம் நடந்துக்கிட்டே சொன்னான்.

"பேஸிவ் வாய்ஸ் நடத்தும்போது சொன்னாங்கள்ல... 'பை' போட்டு யார் செஞ்சாங்கன்னு எழுதணும்னு. இந்த வார்த்தைக்கு அர்த்தம் 'ஒதுக்கப்பட்டவன்'. சரி, டிக் அடிச்சுட்டேன். யாரால ஒதுக்கப்பட்டவன்னு நாலு ஆப்ஷன்லயும் இல்ல, பாத்தியா?"